ஊசிப் பதிவேடு

ஆகஸ்ட் 25, 2025, திங்கள்

மாலை நாலேகால் மணிக்கு, நான் மேற்பார்வையாளனாக இருக்கும் பனியன் கம்பெனியின் பேக்கிங் பகுதியில் ஊசி கண்டறியும் இயந்திரம் சத்தமிட்டது. குழந்தைகள் டீ-சர்ட் ஒன்றின் தோள் தையலுக்குள், துணி ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஊசியின் நுனி, அரிசிக் குறுணை அளவில், செருகிக் கிடந்தது. முன்னும் பின்னுமாக 312 பீஸ்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக மறுபடியும் இயந்திரத்தில் விட்டு முடிக்க இரவு ஒன்பதாகிவிட்டது.

விதி தெரியாதவர் யாரும் இல்லை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, நேரமும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகுதான் புது ஊசி கொடுக்கப்படும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள துணி முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டும். மூன்றாம் லைனில் தைக்கும் அக்கா பதினொரு மணிக்கே ஊசியை உடைத்திருக்கிறார். கைக்குக் கிடைத்த துண்டைக் குப்பையில் போட்டுவிட்டு, வெளிக்கடையில் வாங்கிப் பையில் வைத்திருந்த ஊசியை மாட்டித் தைத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "போன மாசம் அந்தப் புள்ளைய நீங்க சத்தம் போட்டத எல்லாரும் பாத்துட்டுத்தானுங்க இருந்தோம்" என்றார்.

நான் சத்தம் போட்டது உண்மைதான். இரண்டு மூன்று நிமிடம் போட்டிருப்பேன். அந்தச் சத்தம் ஒரு பெண்ணுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அறுபது பேரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்த காலை 9.31 மணிக்கு அமெரிக்காவின் 50 விழுக்காடு வரி இந்தியச் சரக்கின் மேல் நடைமுறைக்கு வந்தது. எங்களுடைய இரண்டு ஆர்டர்களை அமெரிக்கப் பையர் நிறுத்திவைத்திருக்கிறார். ஒன்றுக்குத் துணி, துவைத்தால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் முடிந்து வந்து கட்டிங் மேசையில் இருக்கிறது.

ஆட்களிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் முதலாளி. அவர் பயமும் நியாயமானதுதான்: பத்துத் தையல்காரர்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால், ஆர்டர் திரும்பி வரும் நாளில் லைனை ஓட்ட ஆள் இருக்காது. ஆனால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் யாரும் எங்களிடம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாயிற்று, பிறகு நூல் இல்லை என்றார்கள், பிறகு வாட்ச்மேன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆற்றுக்காக வந்த தீர்ப்பின் மேல் எனக்குக் குறையில்லை. டீக்கடையில் கேள்விப்பட்டுத்தான் எங்கள் பிழைப்பை நாங்கள் தெரிந்துகொண்டோம் என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. இதை முதலாளியிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "உன் பொறுப்பு தம்பி" என்றார்.

இன்று காலை மெஷின்களை ஓட்டும் முன் கட்டிங் மேசையருகே எல்லோரையும் கூட்டி, இரண்டு ஆர்டர்கள் நின்றிருப்பதையும், கையிலுள்ள ஐரோப்பிய ஆர்டர் செப்டம்பர் கடைசி வரை ஒரு ஷிப்டுக்குக் காணும் என்பதையும், இரவு எட்டரை வரை தைக்கும் அரை ஷிப்ட் அதுவரை இருக்காது என்பதையும் சொன்னேன். அக்டோபருக்கு என்ன என்று ஒருவர் கேட்டார். தெரியாது, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு திங்களும் இதே மேசையருகே நின்று பேசுவேன் என்றேன். அரை ஷிப்ட் காசை நம்பி ஏலச்சீட்டுக் கட்டுகிறவர்கள் அதிகம், முகங்கள் இறுகின. இரண்டு பேர் மதியமே கணக்கு முடித்துக் கேட்டார்கள். கொடுத்தனுப்பினோம்.

செப்டம்பர் 1, திங்கள்

ஊசிப் பதிவேட்டை என் கண்ணாடி அறையிலிருந்து எடுத்து வந்து, இரண்டாம் லைனுக்கும் மூன்றாம் லைனுக்கும் நடுவிலுள்ள ஸ்டூலில் புது ஊசி டப்பாவோடு வைத்தேன். டொயோட்டா ஆலைகளில் தொழிலாளி கயிற்றை இழுத்துத் தன் லைனையே நிறுத்திவிடலாம் என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். இழுத்தவுடன் வந்து நிற்கும் மேற்பார்வையாளர் முதலில் என்ன முகத்தோடு வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இனிமேல் கை தூக்கினால் நான் கேட்கும் முதல் கேள்வி "கையில பட்டுதுங்களா?" என்பதாக இருக்கும். இதை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு இயல்பாக வருகிற முதல் கேள்வி வேறு.

செப்டம்பர் 6, சனி

சம்பள நாள். ஒடிசாத் தம்பி ஒருவரின் கவரில் அரை ஷிப்ட் குறைந்தது. அவரிடம் தேதி வாரியாகக் கோடு போட்ட சின்ன நோட்டு இருக்கிறது; ஆபீஸ் கணக்கில் ஆகஸ்ட் 25 இரவு விடுபட்டிருந்தது. ஊசி தேடிய அதே இரவு! என் தவற்றுக்காக நின்று பீஸ் பிரித்தவருக்கே கூலி விழவில்லை. அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்கர் சொன்னார். வாடகையும் மளிகைப் பாக்கியும் சனிக்கிழமைக்கே தவணை சொல்லப்பட்டவை என்பது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாக இருந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். வவுச்சர் போட்டு அப்போதே வாங்கிக் கொடுத்தேன். அன்றிரவு நின்ற மற்ற பதினொரு பேரின் கணக்கையும் பார்க்கச் சொன்னதில் இன்னும் மூவருக்கு விடுபட்டிருந்தது. அவர்கள் கேட்கவே இல்லை. அவர்களிடம் நோட்டு இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாலாம் லைன் ஃபேனைச் சரிசெய்து தருவதாகச் சொன்ன வாய்தா நேற்றோடு முடிந்தது. மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று காலையில் போய்ச் சொல்லிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். இனிமேல் கொடுத்த வாக்கெல்லாம் சட்டைப்பை நோட்டில் ஏறும்.

செப்டம்பர் 18, வியாழன்

இறுதிப் பரிசோதனையில் தோற்றோம். 2,400 பீஸ் லாட்டில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பையரின் அளவுகோலில் பெரிய குறைகள் ஏழு வரை செல்லும், எட்டானால் லாட் திரும்பும். எங்களுக்கு ஒன்பது. ஒன்பதில் ஆறு, கழுத்தில் வரும் ரிப் பட்டையில் தையல் விட்டுப்போனவை.

முதலாளி போனில் கேட்ட முதல் வார்த்தை "யாரு தச்சது?" என்பது. தைத்தவர் யாரென்று துணிக்கட்டோடு வரும் சீட்டைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஆனால் முதலில் மாதிரிக்குத் தைத்த பைலட் பீஸில் ரிப் தையலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். இரண்டாம் நாளில் மெஷினில் கீழ்நூலைக் கோக்கும் லூப்பர் சரியில்லை என்று மெக்கானிக் சொன்னபோது மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டச் சொன்னவனும் நான். அதைத்தான் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன், அது கொஞ்சமில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், செக்கிங் பெண்கள் தலை நிமிராமல் பீஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் கேட்டிருக்கிறது.

மறுசெக்கிங்குக்கு இரண்டு நாள். ரிப் தைக்கும் பெண் மாலையில் தானாகவே வந்து, அளவு சரியில்லாத பீஸ்களும் இரண்டாம் நாள் கட்டுகளில் இருக்கும் என்றும் எந்தக் கட்டுகள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பரிசோதகர் எடுத்த 125-இல் அவை ஒன்றுகூட அகப்படவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மெஷின்களுக்குத் திருநீறும் சந்தனமும் வைத்து, பொரி, கடலை, ஆப்பிள் கொடுத்தோம். பொரியை வாங்கும் கைகளெல்லாம் போனஸையும் கேட்டன. முன்பு "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். பதினோராம் தேதி சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

பதிவேட்டைப் புரட்டிய முதலாளி முகம் சுளித்தார். ஆகஸ்டில் மூன்று ஊசிகள், செப்டம்பரில் இருபத்திரண்டு. மெஷின்களுக்கு என்ன வந்தது, ஆட்கள் கவனமில்லாமல் தைக்கிறார்களா என்று கேட்டார். ஆகஸ்டிலும் இருபதாவது உடைந்திருக்கும், எழுதப்பட்டவை மூன்று என்று விளக்கினேன். அவர் முழுதாக ஏற்கவில்லை. ஊசி வாங்கிய பில்லையும் பதிவேட்டையும் ஒத்துப்பார்க்கப் போகிறாராம். பார்க்கட்டும். பேசிக்கொண்டிருக்கையிலேயே மூன்றாம் லைன் அக்கா கை தூக்கினார். உள்ளங்கையில் இரண்டு துண்டுகள், நுனி இல்லை. மெஷினை நிறுத்தி, துணிக்கட்டை அவரே ஒதுக்கியும் வைத்திருந்தார். காந்தத்தால் துழாவியதில் மெஷின் காலடிப் பஞ்சுத் தூசியில் நுனி அகப்பட்டது. பத்தே நிமிடம்.

அக்டோபர் 11, சனி

போனஸ் விழுக்காடு முடிவாகவில்லை. 8.33-க்குக் கீழே சட்டப்படி போக முடியாது, அதற்குமேல் எவ்வளவு என்பதில் பேச்சு நிற்கிறது. கட்டிங் மேசையருகே நின்று, இன்று சொல்வதாக வாக்குக் கொடுத்தேன், சொல்ல என்னிடம் எண் இல்லை, பதினான்காம் தேதி செவ்வாய் மதியத்துக்குள் சொல்கிறேன் என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ரயில் டிக்கெட்டுக்காகக் காத்திருக்கும் ஒடிசாத் தம்பி மட்டும் கிட்ட வந்து, "பதினாலு, மதியம், சரியாண்ணா?" என்று கேட்டு, என் கண்முன்னே தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.