டைட்டானியா மின்முனையில் சங்குப்பூவும் ரோசெலும்: செய்து பார்த்த குறிப்பு

தாவரச் சாயம் ஒளியை விழுங்கி மின்சாரம் தரும் சூரிய மின்கலம் செய்து பார்த்தோம். நோன்யா (மலாய்-சீனக் கலப்புச் சமையல்) பலகாரங்களுக்கு நீலம் ஏற்றும் சங்குப்பூச் சாற்றில் டைட்டானியா (டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைப் பொடி) பூசிய கண்ணாடியை இரவு முழுக்க ஊற வைத்தோம். வெளியே எடுக்கும்போது அருமையான நீலம். தண்ணீரில் அலசியதும் பாதி போனது, ஆல்கஹாலில் அலசியதும் வெளிர்நீலச் சாயல் மட்டுமே மிச்சம். காய்ந்த ரோசெல் (செம்பருத்தி இனச் செடியின் புளிப்பான சிவப்புப் புல்லிதழ்) ஊறிய சாற்றிலோ அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. சாறு சிவப்பு, படலமோ கருஞ்சிவப்பு ஊதாவாக மாறியது. எத்தனை முறை அலசியும் அந்த ஊதா போகவில்லை.

அந்த நிறமாற்றமே சாயம் டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டதற்கு அடையாளம். ரோசெலின் ஆந்தோசயனின்களில் (சிவப்பு, ஊதா, நீலம் தரும் தாவரச் சாயங்கள்) சர்க்கரை மூலக்கூறின் 3ஆம் இடத்தில் ஒட்டியிருக்கிறது, பி வளையம் என்ற ஓரத்து வளையத்தில் இல்லை. அந்த பி வளையத்தில் அடுத்தடுத்த ஹைட்ராக்சில்கள் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் தொகுதிகள்) சும்மா கிடப்பதால், அவை இடுக்கிபோல் டைட்டானியம் அணுவைக் கவ்வுகின்றன. சங்குப்பூவின் நீலச் சாயங்களான டெர்னாட்டின்களில் அதே வளையத்தின் இரு பக்கமும் சர்க்கரைத் தொகுதிகள் அடைத்துக்கொள்கின்றன. பிடிமானம் இல்லாத சாயம் எவ்வளவு ஒளியை விழுங்கினாலும் எலக்ட்ரானைக் குறைகடத்தியான டைட்டானியாவுக்குள் தள்ளாது.

படலம் செய்த முறை: 2 கிராம் நுண்துகள் டைட்டானியாவை உரலில் போட்டு, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (பிஎச் 3 முதல் 4) அரை மில்லி அரை மில்லியாக விட்டு, மொத்தம் 3 மில்லி வரை அரைக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும், பிறகு என்ன அரைத்தாலும் கரையாது. கடைசியில் நீர்த்த பாத்திர சோப்பு ஒரு துளி, நுரை வராமல். எப்டிஓ (ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு பூசிய, மின்சாரம் கடத்தும்) கண்ணாடியின் கடத்தும் பக்கத்தை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, கண்ணாடிக் குச்சியால் ஒரே இழுப்பில் பரப்ப வேண்டும். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி) வேண்டாம், காற்றில் சூடேற்றினால் அதன் மின்தடை ஏறிவிடும்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பசை சீக்கிரம் காயாது. அவசரப்பட்டு மின்விசிறி வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி, காய்ந்த குளத்துச் சேறுபோல் வெடிக்கும். மூடி வைத்துக் காயவிடுவதே நல்லது. வீட்டு அவனின் 250 டிகிரி போதாது. மட்பாண்டப் பட்டறையின் மின்சூளையில் 450 டிகிரி, 30 நிமிடம். நடுவில் படலம் பழுப்பாகி மீண்டும் வெளுக்கும், சோப்பு எரிந்துபோகிறது என்று பொருள். 80 டிகிரிக்கு ஆறியதும் சாற்றில் இறக்கினால், காற்றின் ஈரம் சாயத்துக்குரிய இடத்தைப் பிடிக்காது.

எதிர்முனைக்கு இன்னொரு கடத்தும் கண்ணாடியில் மெழுகுவர்த்திக் கரி. இரு கண்ணாடிகளுக்கும் நடுவே மின்னேற்றத்தைச் சுமக்கும் திரவமான மின்பகுளி: 10 மில்லி நீரற்ற எத்திலீன் கிளைகாலில் 0.83 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.127 கிராம் அயோடின். கிளைகால் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், பாட்டிலை உடனே மூடுங்கள். அயோடின் பட்டால் முதலைக் கிளிப் அரிக்கும் என்பதால் இரு கண்ணாடிகளையும் சற்றுத் தள்ளி வைத்து, வெளியே நிற்கும் ஓரத்தில் கிளிப் போட வேண்டும். ஒளி டைட்டானியா பக்கமிருந்து விழ வேண்டும்.

சோதனையில் முக்கியமானது சாயமில்லாத வெற்றுப் படலம். அனட்டேஸ் என்ற டைட்டானியா படிக வகையின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியே அதை அசைக்கும். வெயிலில் புற ஊதா இருப்பதால் வெற்றுப் படலமும் கொஞ்சம் மின்னோட்டம் தந்து ஏமாற்றும். வெள்ளை எல்இடி மேசை விளக்கில் புற ஊதா அநேகமாக இல்லை. அங்கே வெற்றுப் படலம் அமைதியாக இருக்க, ரோசெல் படலம் மட்டும் மின்னோட்டம் தந்தால், அது சாயத்தின் வேலைதான். நண்பகல் மேகம் ஓடும் நம் ஊர் வானத்தை நம்பி இரண்டு படலங்களை ஒப்பிடவும் முடியாது.

விளக்கைப் போட்டதும் மின்னோட்டம் எகிறி, சில நொடிகளில் இறங்கும். விளக்கைத் தள்ளி வைத்து ஒளியைக் குறையுங்கள். இறக்கம் மறைந்தால் கெட்டியான கிளைகாலில் டிரை அயோடைடு (அயோடினும் அயோடைடும் சேர்ந்த அயனி) மெதுவாக நகர்வதுதான் காரணம். மறையாமல் நிமிடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் கண்ணாடியைப் பிரித்துப் பாருங்கள், சாயம் மின்பகுளிக்குள் கசிந்திருக்கும்.