நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை

2021 புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான ஆண்டவரின் வாக்காக ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுத்தபோது, என் தம்பியின் கைக்கு வந்தது 91 ஆம் சங்கீதத்தின் 7 ஆம் வசனம்: "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." ஊரெங்கும் நோய் பரவிக்கொண்டிருந்த காலத்தில் இதைவிடப் பொருத்தமான வசனம் வேறென்ன வேண்டும் என்று மகிழ்ந்த அம்மா, முன்னறையில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்தார். அவ்வாண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், தம்பி இறந்துபோனான். அவனுக்கு வயது முப்பத்து நான்கு.

உறையில் சுற்றப்பட்ட உடல், வீட்டுக்கு வராமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. குருவானவர் சற்றுத் தள்ளி நின்று அடக்க ஆராதனையைச் சில நிமிடங்களில் முடித்தார். மண் அள்ளிப் போட என்னோடு இரண்டு பேர் இருந்தார்கள். தொற்றினால் தனியறையில் படுத்திருந்த அம்மா, மகனுடைய முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் இல்லை.

பிறகு தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. அழைத்தவர்கள் அனைவரும் அன்பினால்தான் அழைத்தார்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும், "விசுவாசிகள் இப்படி அழக்கூடாது", "எல்லாம் நன்மைக்கே நடந்தது" என்று கேட்கக் கேட்க அம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. வேதாகமத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; வாய் திறக்கும்வரை அவர்கள் நல்ல ஆறுதல்காரர்களாகவே இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும். முன்னறையில் சத்தம் கேட்டு எழுந்துபோனேன். அந்த அட்டைக்குக் கீழே, தம்பியின் நீலக் கட்டம் போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். "ஐயோ, என் ராசா" என்று தொடங்கி, ஆச்சி காலத்து ஒப்பாரி மெட்டில், ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்: வாக்குக் கொடுத்தவர் நீர்தானே, பிள்ளையை ஏன் எடுத்தீர்? என் முதல் எண்ணம் அவரை நிறுத்த வேண்டும் என்பதுதான். கிறிஸ்தவ வீட்டில் ஒப்பாரி என்றால் அவிசுவாசம் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

அந்த நாட்களில்தான் வேதாகமத்திலுள்ள புலம்பல் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினேன். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை இடித்து எரித்த பிறகு எழுந்த ஐந்து பாடல்கள் அவை. தமிழ் வேதாகமத்தில் அந்தப் புத்தகத்தின் முதல் சொல்லே "ஐயோ!" என்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. ஜனம் பெருத்த நகரி ஒரு விதவையைப்போலத் தனித்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தொடங்கும் அந்த வரியை நான் வாய்விட்டு வாசித்தபோது, அம்மாவின் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. அம்மா செய்தது அவிசுவாசம் என்றால், வேதத்துக்குள் இந்தப் புத்தகத்துக்கு ஏது இடம்?

மூன்றாம் அதிகாரத்தில் நான் நெடுநாள் நின்றுவிட்டேன். தன் ஜெபத்துக்கான வழியையே கர்த்தர் அடைத்துப்போட்டார் என்று முறையிடுகிறவர், 18 ஆம் வசனத்தில் தன் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். மூன்றே வசனம் தள்ளி, 21 இல், "நம்பிக்கை கொண்டிருப்பேன்" என்கிறார். இடையில் நகரம் மீளவில்லை, செத்தவர் எவரும் திரும்பவில்லை. அதற்கு அடுத்துத்தான், அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று நாம் ஆராதனைகளில் பாடி மகிழும் வரிகள் வருகின்றன. அவை புத்தகத்தின் நட்டநடுவில் இருக்கின்றன. அதன் பிறகும் அழுகை தொடர்ந்து, கடைசி வசனம் ஒரு கேள்வியோடும் வேதனையோடுமே நின்றுபோகிறது. நம்பிக்கை என்பது துக்கம் தீர்ந்த பிறகு வந்து சேருவது என்றே நான் எண்ணியிருந்தேன். இங்கே அது துக்கத்தின் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வருடத்துக்கென்று இல்லாமல், ஒவ்வொரு காலையிலும் அன்றன்றைக்கென்று வாங்கிக்கொள்ளும்படி இருந்தது.

அந்த அட்டையின் வசனத்தோடு எனக்கிருந்த வழக்கு அவ்வளவு எளிதில் தீரவில்லை. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதிக்க வந்த பிசாசு, தேவாலயத்து உப்பரிகையின்மேல் அவரை நிறுத்தி, கீழே குதிக்கும்படி ஏவியபோது எடுத்துக்காட்டியது இதே 91 ஆம் சங்கீதத்தைத்தான். உனக்கு ஒன்றும் நேராது என்று அதைக் காப்புறுதிப் பத்திரம்போல நீட்டியவன் அவன். அப்படி வாசிக்க மறுத்து, சிலுவைவரை நடந்தவர் நம் ஆண்டவர். இதை உணர்ந்தபோது எனக்கு விடை கிடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் என் தம்பி விழுந்த இடத்தில் அவரும் விழுந்திருக்கிறார் என்ற நினைவு, வேறெந்த ஆறுதலும் தாங்காத இரவுகளில் என்னைத் தாங்கியது.

2022 ஏப்ரல் 17, ஈஸ்டர். அதிகாலை ஆராதனை முடிந்து, கையில் மெழுகுவர்த்தியோடு, அம்மா முதன்முறையாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். போகும் வழியில் மார்த்தாளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம். சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த அவள் இயேசுவைக் கண்டதும் முதலில் சொன்னது, நீர் இங்கே இருந்திருந்தால் அவன் மரித்திருக்கமாட்டான் என்பதைத்தான். சற்று நேரத்தில் வந்த அவளுடைய சகோதரி மரியாளும் அதையே சொன்னாள். இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் கண்ணீர் விட்டார். அம்மா கல்லறையின்மேல் கிடந்த சருகுகளைச் சேலைத் தலைப்பால் தள்ளிவிட்டு, சிலுவையில் பொறித்திருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே, "கடைசி நாள்ல எந்திரிச்சு வருவான்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று அட்டையை எடுத்து என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன். மறுநாளே, "அட்டையை எங்கேப்பா?" என்று கேட்டார். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வசனத்துக்குக் கீழே பேனாவால் "புலம்பல் 3" என்று எழுதி, பழைய இடத்திலேயே ஒட்டப் பார்த்தார். புதுப் பூச்சில் பசை நிற்கவில்லை. தெருமுனைக் கடையில் நான் ஒட்டும் நாடா வாங்கி வரும்வரை, அவர் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.