மூன்று சத்தம்

புனேயிலிருந்து லோனாவாலா போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் வழியில் காம்ஷெட் வரும். அந்த ஊரைச் சுற்றியுள்ள மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் ஏழு வருடமாகப் பாராகிளைடிங் சொல்லிக்கொடுக்கிறேன். "எப்ப சார் பறக்கலாம்?" என்பதுதான் வருகிறவர்களின் முதல் கேள்வி. முதல் நாள் முழுக்க விங்கைத் தரையில் விரித்து, தலைக்கு மேல் தூக்கி நிறுத்தப் பழகுவதிலேயே போய்விடும் என்றதும் முகம் வாடிவிடும்.

விங் என்று நாங்கள் சொல்வது வெறும் நைலான் துணிதான். உள்ளே அறை அறையாகத் தைத்து, முன் விளிம்பில் வாய் திறந்து வைத்திருப்பார்கள். அந்த வாய் வழியே காற்று புகுந்து நிறைந்தால் அது இறக்கை. இல்லையென்றால் நாலைந்து கிலோ துணி மூட்டை. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே நம்மை விங்கோடு பிணைக்கும் பட்டை இருக்கையான ஹார்னஸ் இடுப்பை இழுத்துக் காட்டிவிடும். அந்த இழுப்பு பிடிபட்ட பிறகுதான் கால் தரையை விடவேண்டும். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அடுத்தது ஓட்டம். இங்கே ஏறக்குறைய எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். விங் மேலே வந்து உடம்பு லேசானதும், பறந்துவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்கள். விங் அப்போது முழு எடையையும் தாங்கத் தொடங்கியிருக்காது. முதுகு தரையில் உரசும். "கால் காற்றில் ஓடுகிற வரைக்கும் ஓடுங்க" என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். புதியவர்களின் விங் ஏறத்தாழ மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிர்க்காற்று 25 என்றால் தரையை வைத்துப் பார்க்கும்போது மிஞ்சுவது 10 தான். காற்றும் 35 ஆகிவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல் போனால், உங்களைப் பின்னோக்கித் தள்ளி மலைக்கு மறுபுறம் கொண்டுபோய்விடும். அங்கே காற்று சுருண்டு கீழே அமுக்கும். அதனால் காற்று 15-ஐத் தாண்டினாலே புதியவர்களுக்கு நான் விங்கை விரிப்பதில்லை. காலையும் மாலையும் மட்டும்தான் அவர்களுக்கு. நடுப்பகலில் வெயில் காய்ந்த பாறையிலிருந்து எழும் அனல்காற்று, அனுபவசாலிகளுக்கே வேலை வைக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் ஒரு ஏப்ரல் மாலையில் தவறினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கல்லூரிப் பையன் ஒருவனுக்கு மூன்றாவது பறத்தல். ஹெல்மெட் பார்த்தாயிற்று, மார்புப் பட்டையை மாட்டியாயிற்று. அந்த நேரம் பார்த்து இறங்கும் மைதானத்திலிருந்து வாக்கி டாக்கியில் அழைப்பு. பையனின் அப்பா கீழே போனோடு நிற்கிறார், அடுத்து வருவது அவர் மகன்தானா, வீடியோ எடுக்க வேண்டுமாம். ஆமாம் என்றேன். காற்று எப்படி என்று கேட்டார்கள், சொன்னேன். திரும்பி வந்து, விங்கின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டையான ரைசரைச் சரிபார்த்தேன். காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக் அழகாக எங்களை நோக்கி நீண்டிருந்தது. "சரி, ரெடியா?" என்றேன்.

பின்னால் கயிறுகளைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்த, காகா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் எழுந்து வந்தார். அடிவாரத்து ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும். விங் விரிக்க உதவுவார். ஒன்றும் பேசாமல் பையனின் தொடைப் பக்கம் விரலைக் காட்டினார். கால் பட்டைகள் இரண்டும் முழங்காலுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

அது பழைய மாடல் ஹார்னஸ். மார்புப் பட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினால், தரையை விட்டதுமே உடம்பு ஹார்னஸ் வழியே கீழே நழுவும். அக்குளில் தொங்க வேண்டிவரும், அதுவும் எவ்வளவு நேரம் தாங்கும்? ரிசர்வ் பாராசூட்டும் உதவாது, அது ஹார்னஸோடு சேர்ந்தது. கீழே அப்பா வீடியோவை ஓடவிட்டுக் காத்திருக்கிறார். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அன்று அவனை அனுப்பவில்லை. பட்டையைப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம், காற்று நன்றாகத்தான் இருந்தது. என்னால் முடியவில்லை. விங்கைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் நடந்தே இறங்கினோம். அப்பாவிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை மகனோடு அவரும் மேலே வந்தார்; நான் ஒவ்வொரு கொக்கியாக மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று காகாவிடம் அப்புறம் கேட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து பையனின் கால் தெரியாது. விங்தான் குறுக்கே கிடந்தது. "டிக் என்று மூன்று தடவை கேட்கும். இன்று ஒரு தடவைதான் கேட்டது" என்றார் மராத்தியில்.

அன்றிலிருந்து சரிபார்க்கும்போது வாக்கி டாக்கி அழைத்தால் எடுக்க மாட்டேன். தவிர்க்க முடியாமல் பேச்சு இடையில் வந்துவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடர்வது கிடையாது; ஹெல்மெட்டிலிருந்து மறுபடி ஆரம்பம். என் ஹார்னஸை மாணவர்கள் தொட்டுச் சரிபார்க்க வேண்டும் என்பதும் விதி.

மார்புப் பட்டையையும் கால் பட்டையையும் இணைத்தே தைத்த ஹார்னஸ்கள் இப்போது எங்களிடம் வந்துவிட்டன. ஒன்றை மறப்பது அதில் கஷ்டம். ஆனாலும் கொக்கிகளை ஒவ்வொன்றாக, மெதுவாக மாட்டச் சொல்கிறேன். பின்னால் கயிறு பிரித்துக்கொண்டிருப்பவருக்கும் சத்தம் கேட்கவேண்டும்.