தீ வாசம் அடங்கட்டும்

நவம்பர் 8, சனி. இரவு 2.10

தூக்கம் வரவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊலாங் தேநீர் குடித்தால் இப்படித்தான்.

தைவானின் சின்ச்சு ஊர்க் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருக்கிறது. ஆய்வகத் தோழியின் வீட்டில் நாலு பேர், ஒரு மூங்கில் தட்டு, ஒரு கெட்டில், அவ்வளவுதான் விருந்து. அவள் அப்பாவை ‘ஆபே’ என்று கூப்பிடச் சொன்னாள். நம் பெரியப்பா மாதிரி. நான் உட்கார்ந்ததும் அவர் சொன்னது: “லிம் தே.” தேநீர் குடி என்று அர்த்தமாம். நம் தேயிலையில் இருக்கிற ‘தே’ ஹொக்கியன் என்கிற இந்தத் தென்சீன மொழிக்காரர்கள் வாயிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி வந்ததுதான். அது புறப்பட்ட மொழியிலேயே காதில் விழுந்ததில் சின்ன சந்தோஷம்.

நான்டோ மாவட்டத்து லூகூவில் விளைந்த டோங் டிங் என்கிற ஊலாங் தேயிலை. மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கறுத்துச் சுருண்ட உருண்டைகள். 7 கிராமை 120 மில்லி மூடிக்கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் விட்டு, 45 வினாடியில் வடித்தார். முதலில் பொட்டுக்கடலை வறுக்கிற வாசனை. விழுங்கிய பிறகு தொண்டையில் வெல்லப்பாகு. பால் இல்லை, சர்க்கரை இல்லை. நான் தேடவும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கொடுத்தனுப்பிய பொட்டலத்தை நானே போட்டுப் பார்த்தேன். நம்மூர் வழக்கத்தில் டம்ளரில் ஒரு ஸ்பூன் போட்டு, மூடி வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். திரும்பி வந்தால் டம்ளர் நிறைய இலை, சுக்குக் கஷாய நிறம். கசப்பு. கொட்டினேன்.

நவம்பர் 15, சனி

மறுபடி அதே வீடு. இந்தத் தடவை மதியமே போய்விட்டேன்.

இரண்டு டப்பாக்கள். ஒரே தோட்டம், ஒரே இலை. ஒன்று வசந்தத்தில் வறுத்தது, மற்றது போன வாரம். இப்போது நிறையப் பேர் மின் அடுப்பில்தான் வறுக்கிறார்கள். ஆபேயின் சிநேகிதர் இன்னும் லோங்கன் என்கிற பழமரத்தின் கரியில். கரியைக் கனியவிட்டுச் சாம்பலால் மூடிவிடுவாராம். ஜ்வாலை தெரியக்கூடாது. மேலே மூங்கில் கூடை, அதில் இலை. மணிக்கணக்கில் பக்கத்திலேயே இருந்து புரட்டிவிட வேண்டும். நீறு பூத்த நெருப்புக்கு இப்படியும் ஒரு வேலை.

ஒல்லியான மோப்பக் கிண்ணத்தில் ஊற்றி, குடிக்கிற கிண்ணத்துக்கு மாற்றி, காலிக் கிண்ணத்தை மூக்கருகே வைக்கச் சொன்னார். சூட்டில் புகையும் கரியும். ஆற ஆற அது விலகி, பழுத்த பழம் மாதிரி ஒன்று வந்தது. நாலு தரம் மோந்தேன். மூடிக்கிண்ணத்தை நானே வடிக்கிறேன் என்று வாங்கி விளிம்பில் விரலைச் சுட்டுக்கொண்டதைத் தோழி படம் எடுத்துவிட்டாள்.

எது பிடித்தது என்று கேட்டார். போன வாரத்தது என்றேன். மூவரும் சிரித்தார்கள். தீ வாசம் அடங்கச் சில மாதம் டப்பாவில் கிடக்க வேண்டுமாம். நான் குடித்தது தேயிலையை அல்ல, அடுப்பைத்தான் என்றார் ஆபே. இருக்கலாம். கடலை வறுக்கிற தள்ளுவண்டிக்குப் பின்னால் நடந்து வளர்ந்த மூக்கு இது. மாற்றிச் சொல்லவில்லை.

அதே இலையில் ஏழாவது தண்ணீர்வரை போனோம். நடுவில் வேர்க்கடலை தராமல் இருந்திருந்தால் எனக்குத் தலை சுற்றியிருக்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

நேற்று மிஞ்சிய ஈர இலையைக் கேட்டு வாங்கி வந்து, பச்சைத்தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் உருண்டைகள் எல்லாம் முழு இலையாக விரிந்திருந்தன, காம்போடு. தண்ணீரில் கரி வாசமே இல்லை. லேசான தித்திப்பு. இரண்டு டம்ளர் ஆயிற்று.

போன வாரத்து டப்பாவை எனக்கே கொடுத்திருக்கிறார், சித்திரைவரை திறக்காதே என்று. மூடியில் தேதி எழுதி ஒட்டினேன். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து மோந்தேன்.