குறுகுறுப்புக்கும் ஊசிக்கும் நடுவே இரண்டு மணி நேரம்

இரத்தம் எளிதில் உறையாத பிறவிக் குறையான ஹீமோபிலியா உள்ள பையனுக்கு முழங்காலில் இரத்தக் கசிவு தொடங்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. மூட்டுக்குள் குறுகுறுவென்று இருக்கும், லேசாகச் சூடேறும், காலை மடக்கினால் இறுக்கமாகத் தோன்றும். அப்போதே ஃபேக்டரை, அதாவது இரத்தத்தை உறையவைக்கும் புரத மருந்தை, ஏற்றிவிட்டால் பெரும்பாலும் ஒரு டோஸோடு அடங்கிவிடும். வீங்கித் தெறித்த பிறகு ஏற்றினால் மருந்து பல மடங்கு செலவாகும். மூட்டுக்குள் தேங்கிய இரத்தத்தின் இரும்பு உள்சவ்வில் படிந்து, சவ்வு தடித்து, அதே மூட்டு மறுபடி மறுபடி கசியும். அதனால்தான் கசிவை உணர்ந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் மருந்து அங்கே ஃபிரிட்ஜில், பையன் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீட்டில். அந்தத் தூரத்தைக் குறைப்பவர்கள் நர்ஸும் மருத்துவச் சமூகப் பணியாளரும்தான்.

நர்ஸ் முதலில் அம்மாவுக்குக் கற்றுத்தர வேண்டியது, பிள்ளை "என்னமோ பண்ணுதும்மா" என்றால் உடனே நம்புவது. அடுத்தது கணக்கு. ஹீமோபிலியா ஏ என்றால் ஃபேக்டர் எட்டு. எடையில் கிலோவுக்கு ஒரு யூனிட் கொடுத்தால் இரத்தத்தில் அளவு சுமார் 2 சதவீதம் உயரும். 20 கிலோ பையனுக்கு 40 சதவீதம் உயர்த்த வேண்டுமென்றால் 20 பெருக்கல் 40, வகுத்தல் 2, ஆக 400 யூனிட். 500 யூனிட் குப்பியை உடைத்தால் முழுவதையும் ஏற்றிவிட வேண்டும்; மிச்சத்தைக் கொட்டுவது பாவம். ஹீமோபிலியா பி என்றால் ஃபேக்டர் ஒன்பது. அங்கே ஒரு யூனிட்டுக்கு சுமார் 1 சதவீதம்தான், அதனால் இரண்டால் வகுப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிப் பாதி டோஸ் போட்டுவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று சொல்லும் தவறு நடக்கக்கூடியது. எட்டா ஒன்பதா என்பதைப் பையனின் சிகிச்சை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

மருந்தைக் கலக்குவதில்தான் கை பழக வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் இருந்த தூள் குப்பி, கரைப்பான் குப்பி இரண்டையும் வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் குளிர் போகும்வரை காத்திருக்க வேண்டும், சுடுதண்ணீரில் போடக்கூடாது. இருமுனை ஊசி என்றால் முதலில் கரைப்பான் குப்பியில் குத்த வேண்டும், பிறகு அதைக் கவிழ்த்துத் தூள் குப்பியில். மாற்றிக் குத்தினால் தூள் குப்பியின் வெற்றிடம் வீணாகி, கரைப்பான் இறங்காது. கலக்கும்போது குலுக்கக்கூடாது, மெதுவாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைக்கும்; நுரையில் புரதம் கெடும், மருந்தும் சிக்கிக்கொள்ளும். கலங்கலாகவோ துகளோடோ இருந்தால் போடாதீர்கள். கலந்த மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும், திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது.

நரம்பு பிடிப்பது தனிக் கலை. 23 அல்லது 25 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி, புறங்கை நரம்பு, கையில் கட்டும் டூர்னிக்கெட் பட்டை இதமாக. கிடைக்காவிட்டால் உள்ளேயே தேடித் துழாவாமல் எடுத்துவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு நரம்புதான் வாழ்நாள் சொத்து. ஊசியை எடுத்ததும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. தசையில் ஊசி வேண்டாம். தடுப்பூசியைக்கூட முடிந்தவரை தோலுக்கடியில் மெல்லிய ஊசியால் போட்டு, பத்து நிமிடம் அழுத்த வேண்டும். வலிக்கு பாராசிட்டமால் மட்டுமே. ஆஸ்பிரினும் புரூஃபெனும் கசிவைக் கூட்டும்.

வீட்டு நோட்டில் எந்த மூட்டு, எத்தனை யூனிட் என்பதோடு கசிவு தெரிந்த நேரம், ஊசி போட்ட நேரம் இரண்டும் இருக்க வேண்டும். நல்ல நர்ஸ் முதலில் அந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பார்ப்பார். வழக்கமான டோஸுக்கு அடங்காத கசிவும் அந்த நோட்டில்தான் முதலில் தென்படும்: உடல் ஃபேக்டருக்கு எதிராக இன்ஹிபிட்டர் என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கலாம், அதை அளக்கும் பெதஸ்டா இரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பி வகையில் இன்ஹிபிட்டர் வரும்போது கடும் ஒவ்வாமையும் சேர்ந்து வரலாம். எனவே முதல் பத்து இருபது ஊசிகள் மருத்துவமனையில்தான். வீட்டில் போடக் கற்றுத்தர அவசரப்பட வேண்டாம்.

இனி சமூகப் பணியாளர். வீங்கிய முழங்காலைப் பார்த்ததும் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழிப்பது நம் ஊர் வழக்கம். அதைச் செய்பவர் பெரும்பாலும் பாட்டி. அதனால் அம்மாவிடம் மட்டும் பேசிப் பயனில்லை, பாட்டியையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். "வழித்தால் உள்ளே இன்னும் கசியும். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள், காலை உயர்த்திவையுங்கள், கிளம்புங்கள்" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

குடும்ப மரம் வரைவதும் அவர் வேலை. எங்கள் கணிப்பில் இங்குதான் அதிக நிதானம் தேவை. குறை, மகனுக்குத் தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பழி மருமகள் மேல் விழுகிறது. சுமார் மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை என்பதைக் கணவன் வீட்டார் முன்னாலேயே சொல்ல வேண்டும். தாய்மாமனைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்ட தாய்மாமனுக்கே அக்கா மகளைக் கட்டிவைக்கும் பேச்சு இருந்தால், அந்தப் பெண் கேரியரா (குறையுள்ள மரபணுவைச் சுமப்பவரா) என்று கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பது அவசியம். கேரியராக இருந்தால் பிறக்கும் மகன்களுக்கு மட்டுமல்ல, மகள்களுக்கும் ஹீமோபிலியா வர சரிபாதி வாய்ப்பு உண்டு. கேரியர் பெண்களில் சிலருக்கு மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருக்கும்; அவர்களுக்கும் ஃபேக்டர் அளவு பார்க்க வேண்டும்.

காகித வேலைகளில் ஏமாற்றம் அதிகம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோபிலியா உண்டு. யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 40 சதவீதம் என்று இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களின் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசு வேலைக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டுப் பட்டியலில் இரத்தக் குறைபாடுகள் இல்லை. மூட்டு விறைத்துப்போனவர் கை கால் இயக்கக் குறைபாட்டையும் மதிப்பிடச் சொல்லிச் சான்று வாங்கினால்தான் அந்தக் கதவு திறக்கும். இதைச் சான்று தரும் மருத்துவ வாரியத்துக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்கு ரயிலில் போகவர 75 சதவீதச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கும் சேர்த்து. அதற்கான படிவத்தில் மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

கடைசியாக ஒரு கடிதம். நோயின் வகை, தீவிரம், எடை, இன்ஹிபிட்டர் உண்டா, வார்டு நர்ஸின் எண், அதன் கீழே கொட்டை எழுத்தில்: "தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன்." 20 கிலோ ஏ வகைப் பையனுக்கு 1000 யூனிட் என்ற எண்ணோடு. ஒரு நகல் தலைமையாசிரியர் மேசையில், ஒன்று பையனின் புத்தகப்பையில். எடை கூடக்கூட அந்த எண்ணை மாற்றி எழுத வேண்டும், குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை.