சைலன்சர் சத்தம் கூடினால்

காரின் சைலன்சர் சத்தம் திடீரென்று கூடினால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று தள்ளிப்போடாதீர்கள். புகைக்குழாய் எங்கோ விட்டுப்போயிருக்கலாம். சத்தம்கூடப் பரவாயில்லை, எனக்குப் பயமெல்லாம் அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு பற்றித்தான். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்குவதால் வெறும் தூக்கக் கலக்கம் என்றே நினைத்துவிடுவோம். நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடியை ஏற்றி, ஏசியை ஓடவிட்டுத் தூங்கும் ஓட்டுநர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். இணைப்புகளின் நடுவே இருக்கும் அடைப்பான கேஸ்கட்டின் ஓரத்தில் மை தீட்டியது போலக் கரி படிந்திருந்தால் பெரும்பாலும் அங்கேதான் புகை கசிகிறது. குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் தொட்டுப் பாருங்கள். அவை அறுந்தால் குழாய் ஆடி ஆடியே இணைப்பு விட்டுவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். இஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதென்றால் கேரேஜின் ஷட்டரைத் திறந்துவைப்பது போதாது, வண்டியையே வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.