விண்டோஸ் 11: கவுன்டர் கணினியில் எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். அதனால் மலையில் இருக்கிற டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, லாட்ஜ் வரவேற்பு மேசை என்று ஒவ்வொரு கணினியாக 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறது. குன்னூர் பெட்போர்டானாலும் கோத்தகிரி டானிங்டனானாலும் புலம்பல் ஒன்றுதான்: "எல்லாத்தையும் எடம் மாத்தி வெச்சுட்டாங்க."

மாற்றி வைத்தது உண்மை. ஆனால் எல்லா மாற்றமும் ஒரே அளவுக்குத் தொல்லை தருவதில்லை. ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்ததைத்தான் எல்லாரும் முதலில் திட்டுகிறார்கள், சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாத விஷயம் அது. சிட்டா எடுக்க ஒருவர், இ-பாஸ் போட ஒருவர், தேர்வு விண்ணப்பத்துக்கு இன்னொருவர் என்று ஆள் நிற்கும்போது நேரத்தையும் காகிதத்தையும் தின்பவை வேறு. அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

பிரின்டரிலிருந்து தொடங்கலாம். ரசீதுக்கு டாட் மேட்ரிக்ஸ், மனுவுக்கு லேசர், போட்டோவுக்கு இங்க்ஜெட் என்று இரண்டு மூன்று வைத்திருப்பவர்களுக்கு வரும் பிரச்சினை: லேசருக்குப் போகவேண்டியது டாட் மேட்ரிக்ஸுக்குப் போய்விடும். காரணம், "லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரின்டர்" என்ற அமைப்பு. அது ஆனில் இருந்தால், கடைசியாக எதில் அச்சடித்தீர்களோ அதையே விண்டோஸ் டீஃபால்ட்டாக எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய்க் கீழே இறங்கினால் இந்த அமைப்பு இருக்கும். அதை ஆஃப் செய்த பிறகுதான் குறிப்பிட்ட பிரின்டரின் பக்கத்தில் "செட் அஸ் டீஃபால்ட்" பட்டனே கண்ணுக்குத் தெரியும். பலர் அந்தப் பட்டனைத் தேடிக் களைத்துப்போவது இதனால்தான். குரோமில் அச்சடிக்கும்போது பழைய பிரின்ட் பெட்டி வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தட்டு, தாள் அளவு, இருபக்க அச்சு எல்லாம் டிரைவர் காட்டுகிறபடியே வரும். பனி நாளில் காகிதம் நமத்துப்போய் உள்ளே சிக்கிக்கொள்வதற்கு மட்டும் விண்டோஸைத் திட்ட முடியாது.

அடுத்து, திரையின் அடியில் இருக்கிற டாஸ்க்பார். நான்கு வேர்டு கோப்புகள் திறந்திருந்தால் விண்டோஸ் 10-இல் நான்கும் பெயரோடு தனித்தனியாகத் தெரியும்படி வைக்க முடிந்தது. 2021 அக்டோபரில் 11 வந்தபோது அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே ஐகானுக்குள் அடங்கிவிடும். மேலே கர்சரை வைத்துக் காத்திருந்து, குட்டிப் படங்களில் எது யாருடைய மனு என்று கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்தில் ஒருவர் கோப்பில் இன்னொருவர் பெயரைத் தட்டச்சுவது இப்படித்தான் நடக்கிறது. 23எச்2 (2023-இன் இரண்டாம் பாதியில் வந்த) பதிப்பில் அந்த வசதி திரும்பி வந்துவிட்டது, ஆனால் தானாக ஆனில் இருக்காது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் போய் "கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்" என்பதை நெவர் என்று வையுங்கள். அதே பக்கத்தில் அலைன்மென்ட்டை லெஃப்ட் ஆக்கினால் ஸ்டார்ட் பட்டனும் பழைய மூலைக்குப் போய்விடும். ஒரு கோப்பை இழுத்துக்கொண்டுபோய் டாஸ்க்பாரில் இருக்கிற புரோகிராமின் மேல் பிடிக்கிற வசதியும் முதலில் காணாமல் போய், 22எச்2-வில் வந்தது. இன்னும் 21எச்2-விலேயே கிடக்கிற கணினி என்றால் மற்ற அமைப்புகளில் கை வைப்பதற்கு முன் அதை அப்டேட் செய்யுங்கள். பாதிப் புலம்பல் அதிலேயே தீர்ந்துவிடும்.

ரைட் கிளிக் மெனுதான் கையை அதிகம் ஏமாற்றுகிறது. கட், காப்பி, ரீநேம், டெலீட் நான்கும் எழுத்தில்லாத ஐகான்களாக ஒரு வரிசையில் வந்தன. கோப்பு திரையின் மேல்பாதியில் இருந்தால் அந்த வரிசை மெனுவின் தலையிலும், கீழே இருந்து மெனு மேல்நோக்கித் திறந்தால் அடியிலும் வரும். கர்சருக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்ற எண்ணம். ஆனால் மெனுவைப் பார்க்காமலே கை பழகிய ஆபரேட்டருக்கு, காப்பி இருக்கிற இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றுதான் அர்த்தம். 24எச்2-வில் ஐகான்களுக்கு அடியில் பெயரையும் போட்டுவிட்டார்கள். பழைய வின்ரார் பதிப்பு, பழைய ஸ்கேனர் மென்பொருள் போன்றவை சேர்த்த கட்டளைகள் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ளே ஒளிந்திருக்கும். ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரைட் கிளிக் செய்தால் நேராக முழு மெனுவும் திறக்கும். பெயர் மாற்ற எஃப்2. இந்த இரண்டையும் கடைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டியதில்லை.

தமிழ் ஃபான்ட் போடுகிறவர்களுக்கு அந்த முழு மெனு கட்டாயம் தேவை. பாமினி, வானவில் வகை ஃபான்ட்களை வெறும் "இன்ஸ்டால்" கொடுத்துப் போட்டால், அவை அந்த யூசருக்கு மட்டும் உரிய ஃபோல்டரில் போய் உட்காரும். வேர்டு எடுத்துக்கொள்ளும். சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் பார்க்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களோ கட்டம் கட்டமாகக் காட்டும், இல்லையென்றால் பட்டியலிலேயே ஃபான்ட் இருக்காது. "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுத்தால் பொது ஃபோல்டருக்குப் போகும். ஏற்கெனவே தவறாகப் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள், இரண்டு பிரதி இருந்தால் எது எதை எடுக்கிறது என்றே புரியாது.

மொழி மாற்றுவதில் உள்ள இடைஞ்சல் நம்மவர்களுக்கே உரியது. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன: செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் மூன்று புள்ளியில் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, ஆட் எ கீபோர்டு. தட்டச்சுப் பயிற்சி பெற்றவர்கள் தேடுகிற பழைய டைப்ரைட்டர் முறை இதில் இல்லை. அதற்கு என்எச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருள்தான் வழி. மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். தொல்லை எங்கே என்றால், வேர்டில் தமிழில் மனு அடித்துவிட்டு பிரவுசருக்கு வந்து பாஸ்வேர்டு போடும்போது விசைப்பலகை தமிழிலேயே நிற்கும். புள்ளிகள்தானே தெரிகின்றன, எந்த மொழி என்று யார் பார்க்கிறார்கள்? நாலைந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டிவிடுகிற தளங்கள் உண்டு. டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போய் "லெட் மீ யூஸ் எ டிஃபரன்ட் இன்புட் மெத்தட் ஃபார் ஈச் ஆப் விண்டோ" என்பதை டிக் செய்யுங்கள். வேர்டு தமிழிலும் பிரவுசர் ஆங்கிலத்திலும் அதனதன்படி நிற்கும். அதே பக்கத்தில் டெஸ்க்டாப் லாங்குவேஜ் பாரையும் டிக் செய்தால் பழைய மொழிப் பட்டையைத் திரையில் வைத்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் விஷயத்தைத் திரையமைப்புச் சிக்கல் என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் விடக்கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கணினியை அமைத்தால் டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மேகத்துக்குப் போகத் தொடங்கிவிடக்கூடும். கவுன்டரில் டெஸ்க்டாப்பில் கிடப்பது என்ன? ஊரார் ஆதார் ஸ்கேனும் பாஸ்புக் பக்கமும். அது ஒருவருடைய சொந்தக் கணக்கில் ஏறுவது சரியில்லை. போதாக்குறைக்கு இலவச இடம் 5 ஜிபிதான், நிரம்பியதும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. நிறுத்துவதில் வரிசை முக்கியம். முதலில், நெட் நன்றாக இருக்கும்போது ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்து எல்லாம் இறங்கும்வரை விடுங்கள். பிறகு மூலையில் உள்ள மேக ஐகான், செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்கப், மேனேஜ் பேக்கப் போய் மூன்றையும் ஆஃப் செய்யுங்கள். டெஸ்க்டாப் வெறுமையாகிவிட்டால் பதற வேண்டாம், கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கிற டெஸ்க்டாப்பில் இருக்கும். அங்கிருந்து எடுத்துப் போடுங்கள். இதைச் செய்யாமல் ஒன்டிரைவை அன்இன்ஸ்டால் செய்கிறவர்கள்தான் கோப்பு போச்சே என்று தலையில் கை வைக்கிறார்கள்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் திறந்தவுடன் சமீபத்திய கோப்புகளைக் காட்டும். முன்னால் நிற்பவர் கண்ணில் முந்தையவர் பெயர் படும். மூன்று புள்ளி, ஆப்ஷன்ஸ் போய் "திஸ் பிசி" என்று மாற்றி, பிரைவசியில் உள்ள டிக்குகளை எடுத்துவிட்டு, கிளியர் கொடுங்கள்.

திரை உயரம் பற்றி ஒரு வார்த்தை. பல கவுன்டர்களில் இன்னும் 1366க்கு 768 மானிட்டர்தான். 11-இன் டாஸ்க்பார் 48 பிக்சல் எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் 10-இல் 40தான்; சின்ன ஐகான் வைத்தால் 30. எக்ஸ்ப்ளோரரில் வரிகளுக்கு நடுவே விரலுக்கு இடம் விட்டதுபோல இடைவெளி வேறு. வியூ மெனுவில் "காம்பாக்ட் வியூ" போட்டால் வரிகள் நெருங்கும். அதுவும் போதாதென்றால் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைக்கலாம், ஆனால் லேபிள் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ இரண்டையும் டாஸ்க்பார் அமைப்பிலேயே மறைத்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவோடு சண்டை போடாதீர்கள். தினம் திறக்கிற ஆறேழு புரோகிராமை டாஸ்க்பாரில் பின் செய்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டியிராது. 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனையே எடுத்தது, 8.1-இல் பட்டன் வந்தது, 10-இல் மெனு வந்தது. எடுத்ததை ஒவ்வொன்றாகத் திருப்பித் தருவது இவர்களுக்குப் புதிதல்ல.

பழைய முகத்தையே கொண்டுவருகிற எக்ஸ்ப்ளோரர்பேட்சர், ஸ்டார்ட்ஆல்பேக் போன்றவை வீட்டுக் கணினிக்குச் சரி. கவுன்டருக்கு வேண்டாம். 24எச்2 வந்தபோது இவற்றின் சில பதிப்புகள் இருந்த கணினிகளில் அப்டேட்டே நின்றது. ஏற்கெனவே போட்டிருந்தால் பெரிய அப்டேட்டுக்கு முன் நீக்கிவிடுங்கள்.

அப்டேட்டை எப்போது விடுவது என்பதும் இங்கே தனிக் கணக்கு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை கூடலூர், பந்தலூர், ஊட்டிப் பக்கம் மரம் சாய்ந்தால் மின்சாரமும் கேபிளும் சேர்ந்தே போகும். 600 விஏ யுபிஎஸ் கணினியை ஒழுங்காக மூட அவகாசம் தரும், அப்டேட் முடியும்வரை தாங்கும் என்று நம்பக்கூடாது. விண்டோஸ் அப்டேட்டில் 5 வாரம்வரை பாஸ் (தற்காலிக நிறுத்தம்) செய்யலாம். மழை பிடிக்கும் முன்பே நிலுவையை முடித்துவிட்டு பாஸ் போடுங்கள். கேபிள் போய் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும்போது அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடாமல் இருக்க அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் "மீட்டர்டு கனெக்‌ஷன்" ஆன் செய்யுங்கள். இது ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி, இன்னொருவர் போனுக்கு மாறினால் மறுபடியும் போட வேண்டும். இரண்டு மூன்று கணினி இருந்தால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனை லோக்கல் நெட்வொர்க் மட்டும் என்று வையுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.